விவாகச் சட்டத்தை மாற்றக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு தாள் வந்திருக்கிறது, ஒப்பமிடலாமா?

தெமட்டகொடை மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு நாள் யோசித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது வாப்பா ஒரு தாள் கொண்டு வந்தார். இலங்கை முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, காதி நீதிமன்றங்கள் (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிப்பவை) இப்போது இருப்பது போலவே இருக்க வேண்டும் என்று மேலே நாலு வரி. கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம் என்று முப்பது கட்டம். இப்படி நிறையத் தாள் சேர்த்து நீதியமைச்சருக்கும் எம்பிமாருக்கும் கொடுக்கப் போகிறார்களாம். யார் சேர்க்கிறார்கள் என்று தாளில் எங்கேயும் இல்லை. முதல் கட்டத்தில் வாப்பா ஒப்பமிட்டிருக்கிறார், இரண்டாவதில் உம்மா. மூன்றாவதில் என் பெயரையும் இலக்கத்தையும் உம்மாவே எழுதி, ஒப்பத்துக்கு மட்டும் இடம் விட்டு, சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலுக்கு அடியில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு என் நிகாஹ் ஞாபகம் வந்தது. 2016ல் நடந்தது. கீழே ஹாலில் ஆண்கள், மேல்மாடி அறையில் சாச்சிமார், மாமிமாரோடு நான். ஸ்பீக்கரில் குத்பா கேட்டது, பிறகு வாப்பாவின் குரல், பிறகு மாப்பிள்ளையின் குரல். வலீயாக, அதாவது என் பொறுப்பாளராக, வாப்பா ஒப்பமிட்டார், மாப்பிள்ளை ஒப்பமிட்டார், சாட்சிகள் இரண்டு பேர் ஒப்பமிட்டார்கள். பதிவுப் புத்தகம் மாடிக்கு வரவே இல்லை. என்னைக் கல்யாணம் முடித்துக் கொடுக்கும்போது தேவைப்படாத என் ஒப்பம், அந்தச் சட்டத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்வதற்கு இப்போது தேவைப்படுகிறது. இதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என் கணவர் நல்லவர், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் தாத்தா, அதாவது அக்கா, பஸஹ் (மனைவி கேட்கும் விவாகரத்து) கேட்டுப் பதினாலு மாதம் அலைந்தாள். ஒவ்வொரு தவணைக்கும் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். புருஷன் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் முழுக்க அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

நான் பாடசாலையில் படிக்கும்போதே இந்தச் சட்டம் மாறப்போகிறது என்றார்கள், இன்று என் பிள்ளை பாடசாலை போகிறான். யார் தடுக்கிறார்கள், எப்படித் தடுக்கிறார்கள்? இந்த மாதிரித் தாள்களுக்கு உண்மையில் ஏதாவது பலம் இருக்கிறதா? நான் ஒப்பமிடாவிட்டால் அது மட்டும் போதுமா?

புதுக்கடை நானா:

வஅலைக்கும் ஸலாம் மகள். முதலில் ஒன்று. அடையாள அட்டை இலக்கம் கேட்கிற தாளில் கேட்பவர் யார் என்று இல்லாவிட்டால் ஒப்பமிட வேண்டாம். எந்தப் பக்கத்தாரின் மனுவாக இருந்தாலும் சரி.

தாளுக்குப் பலம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. அமைச்சில் உட்கார்ந்து யாரும் முப்பதாயிரம் ஒப்பத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. அதைக் கொண்டு போகிற நாலு பேருக்கு அது நேரம் வாங்கிக் கொடுக்கும். "எங்களுக்குப் பின்னால் இத்தனை குடும்பம் நிற்கிறது" என்று எம்பியிடம் சொல்லலாம், எம்பி அடுத்த தேர்தலை நினைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அறைக்குள் நடக்கும் பேச்சு.

ஏன் எல்லோரும் அமைச்சின் கதவிலேயே நிற்கிறார்கள் என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இது 1951ன் 13ம் இலக்கச் சட்டம், அதற்கு முன்னால் 1929ல் ஒரு கட்டளைச் சட்டம் இருந்தது. 1978 அரசியலமைப்பின் 16(1)ம் உறுப்புரை, ஏற்கெனவே இருக்கிற சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. ஆகவே ஒரு பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போய், இந்தச் சட்டம் என்னைச் சமமாக நடத்தவில்லை, இதை நீக்குங்கள் என்று கேட்க வழி இல்லை. பாராளுமன்றம் மாற்றினால்தான் உண்டு. இந்தச் சட்டத்தின் 23ம் பிரிவு 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவாகத்தைக்கூடக் காதியின் அனுமதியோடு பதியலாம் என்கிறது. 1995ல் பொதுச் சட்டத்திலும் கண்டியச் சட்டத்திலும் வயதெல்லையை 18 ஆக்கினார்கள், எங்களுடையதைத் தொடவில்லை. அதே வருடம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, 16 வயதுக்குக் குறைந்த பெண்ணோடு உறவு கொள்வது குற்றம் என்று எழுதிவிட்டு, அவள் 12 வயது தாண்டிய மனைவியாக இருந்தால் மட்டும் விலக்கு என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும், எனக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

2009ல் மிலிந்த மொரகொட நீதியமைச்சராக இருக்கும்போது நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அறிக்கை வந்தது 2018 ஜனவரியில். ஒன்பது வருடம்! அதுவும் ஒன்றாக வரவில்லை. மர்சூப் பக்கம் ஒரு பரிந்துரை, ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபா பக்கம் இன்னொரு பரிந்துரை. பெண்கள் காதியாக வரலாமா என்பதிலேயே இரண்டு பக்கமும் பிரிந்தார்கள். மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமாவின் தலைவர் ரிஸ்வி முப்தியும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர், வெளியே நின்று கோஷம் போட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. பிறகு 2021ல் அலி சப்ரி நீதியமைச்சராக இருக்கும்போது பலதார மணத்தையும் காதி நீதிமன்றத்தையும் நீக்க அமைச்சரவையே ஒத்துக்கொண்டது. 2024 செப்டம்பரில் அந்தப் பாராளுமன்றம் கலையும் வரை அது சட்டமாகவில்லை.

இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். எந்த அரசாங்கம் வந்தாலும் "உங்கள் சமூகம் ஒரே முடிவோடு வரட்டும், செய்து தருகிறோம்" என்று சொல்லும், அது அவர்களுக்கு மிக வசதி. மாற்றம் வேண்டாம் என்கிறவர்கள் வாதத்தில் வெல்லத் தேவையே இல்லை, ஒரே முடிவு இன்னும் வரவில்லை என்று காட்டிக்கொண்டே இருந்தால் போதும். உங்கள் மேசையில் இருக்கிற தாள் அதற்குத்தான்.

மாளிகாவத்தை வாசி:

நானா சொன்ன வரலாறு சரி, ஆனால் ஒப்பம் சேர்க்கிறவர்களைப் பற்றி எழுதிய விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் அந்தத் தாளில் ஒப்பமிட்டவன், மறைக்க ஒன்றும் இல்லை.

ஜம்இய்யத்துல் உலமா 1924ல் தொடங்கியது, 2000ல் பாராளுமன்றச் சட்டத்தாலேயே கூட்டிணைக்கப்பட்டது. மார்க்க விஷயத்தில் உலமாக்கள் அரசாங்கத்தோடு பேசாமல் வேறு யார் பேசுவது? தொழிற்சங்கம் அமைச்சரைப் பார்த்தால் உரிமை, மௌலவி பார்த்தால் சதியா?

இன்னொன்று, இந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற சத்தம் எப்போது பெரிதானது என்று பாருங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு. எங்கள் வீடுகளில் குர்ஆன் தர்ஜுமாவை (மொழிபெயர்ப்பை)க்கூட ஒளித்து வைத்த நாட்கள் அவை. 2020ல் கொரோனாவில் மௌத்தான எங்கள் மையித்துகளை (உடல்களை) எரித்தார்கள், என் மாமாவின் சாம்பலை வாங்க நாங்கள் போகவில்லை, போக மனம் வரவில்லை. அதே அரசாங்கம்தான் 2021ல் முஸ்லிம் பெண்களுக்கு நீதி தருகிறேன் என்று வந்தது. அதே வருடம் ஒக்டோபரில் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று ஒரு செயலணி போட்டு அதற்கு முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசிவந்த ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள். அந்த நேரத்தில் எங்கள் கையில் மிஞ்சியிருந்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

வயதெல்லை 18 ஆகட்டும், மணமகள் ஒப்பமிடட்டும், மார்க்கத்தில் அதற்குத் தடை இருப்பதாக நான் படித்ததில்லை. காதி நீதிமன்றத்தை இழுத்து மூடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அங்கே சட்டத்தரணி வர முடியாது, அதனால் ஏழைக்கு அந்தச் செலவு இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டால் சோரம் போனதையோ, வேண்டுமென்றே கைவிட்டதையோ, ஆண்மையின்மையையோ நிரூபிக்க வேண்டும், வருடக் கணக்கில் போகும். அந்த இடத்துக்கா எங்கள் பிள்ளைகளை அனுப்பப் போகிறீர்கள்? தங்கச்சி, விருப்பம் இல்லாவிட்டால் ஒப்பமிட வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்பமிட்டவர்கள் எல்லோரும் பெண்களுக்கு எதிரி என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கொலன்னாவை உம்மா:

மாளிகாவத்தைத் தம்பி, நீங்கள் மையித்து எரித்ததைச் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது, அது பொய் இல்லை. ஆனால் 2019க்குப் பிறகுதான் சத்தம் வந்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி 1980களிலேயே கொழும்பில் இருந்து இதைப் பேசியது. புத்தளத்துப் பெண்கள் பேசினார்கள், கிழக்கில் பேசினார்கள். அப்போது பேசியவர்கள் யாரும் ஆமதுரு (பௌத்த பிக்கு) பேச்சைக் கேட்டுப் பேசவில்லை, தங்கள் வாசலில் வந்து அழுத பெண்களைப் பார்த்துப் பேசினார்கள்.

நான் பதினொரு வருடமாகப் பெண்களோடு காதி வழக்குகளுக்குப் போய்வருகிறேன், காசுக்கு இல்லை, கூட ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு காட்சியைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். ஒரு வீட்டின் முன்பக்க கராஜில்தான் விசாரணை. நாலு பிளாஸ்டிக் கதிரை. காதியார், ஜூரிமார் மூன்று பேர், எல்லோரும் ஆண்கள். என்னோடு வந்த பிள்ளைக்கு வயது 22, ஷொப்பிங் பேக்கில் பாமசி பில், பால்மா பில் எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்தாள், தாபரிப்புக் கேட்பதற்கு. புருஷன் தலாக் சொல்ல வந்திருந்தான், காரணம் சொல்லச் சட்டம் அவனைக் கேட்பதில்லை, அவன் சொல்லவும் இல்லை. இவள் பஸஹ் கேட்டிருந்தால் அடித்ததற்குச் சாட்சி கொண்டுவர வேண்டும், அறைக்குள் அடித்ததற்கு யார் சாட்சி? பில்களை எடுத்து நீட்டினாள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவள் அந்தப் பேக்கை மடியில் வைத்துச் சுருட்டிச் சுருட்டி, கடைசியில் அது ஒரு சின்ன உருண்டையாகிவிட்டது.

சட்டத்தரணி வர முடியாது என்பதை நீங்கள் ஏழைக்கு உதவி என்கிறீர்கள். பேசத் தெரிந்த ஆணுக்கு அது உதவி. பேச்சு வராத பெண்ணுக்கு? காதியாக ஆண் மட்டும்தான் வரலாம் என்று 12ம் பிரிவில் இருக்கிறது. காதி நீதிமன்றத்தை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை, என்னோடு வருகிற பெண்களும் கேட்கவில்லை. அதைத் திருத்துங்கள், பெண்ணையும் அந்தக் கதிரையில் உட்கார வையுங்கள், காதிக்குப் பயிற்சி கொடுங்கள், சரியான இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். உங்களுக்கும் எனக்கும் இடையில் தூரம் அவ்வளவு இல்லை தம்பி. ஆனால் நீங்கள் ஒப்பமிட்ட தாளில் "எதையும் தொடாதே" என்றுதானே இருக்கிறது? உங்கள் 18 வயதும் மணமகளின் ஒப்பமும் அதில் எங்கே?

நாங்களும் ஒருமுறை ஒரு அரச அலுவலகத்துக்கு ஐந்து பெண்கள் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், "உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று. பள்ளிக்கு ஒவ்வொரு வெள்ளியும் ஆயிரம் ஆண்கள் வருகிறார்கள், தாள் கொடுக்க இடம் இருக்கிறது. எங்கள் பெண்கள் எங்கே ஒன்று கூடுகிறார்கள், கராஜ் வாசலில்தானே.

வெள்ளவத்தைக்காரி:

நான் முஸ்லிம் இல்லை, பேசலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். தங்கச்சி, இது உங்கள் சமூகத்தில் மட்டும் நடப்பது என்று நினைத்து வெட்கப்படாதீர்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், எங்களுக்குத் தேசவழமைச் சட்டம். 1707ல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்தது. 1911ன் கட்டளைச் சட்டப்படி, கல்யாணம் முடித்த பெண் தன் பெயரில் இருக்கிற காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். என் அம்மா கொடுத்த சீதனக் காணி, கோண்டாவிலில் நாலு பரப்பு. அவர் என்னையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வெளிநாடு போய் வருடக் கணக்கு. நொத்தாரிசு உறுதியை எழுதி வைத்துக்கொண்டு, "அவருடைய ஒப்பம்?" என்று கேட்டபோது நான் பட்டது... மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்கித்தான் விற்றேன். என் ஒப்பம் மட்டும் போதாது என்று சட்டம் சொல்கிறபோது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதை மாற்றலாம் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், எங்கள் தனித்துவம் போய்விடும் என்று கிளம்புவார்கள். யுத்தத்தில் எல்லாம் இழந்த சமூகம், மிச்சம் இருப்பதைத் தொடாதே என்பார்கள். மாளிகாவத்தைத் தம்பி சொன்ன அதே நியாயம். அது விளங்காமல் இல்லை, ஆனால் அந்த மிச்சத்தின் பாரம் ஏன் எப்போதும் பெண்ணின் தலையில் இருக்கிறது?

புதுக்கடை நானா அமைச்சைப் பற்றிச் சொன்னார், இன்னொரு கதவும் இருக்கிறது. புதிய சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தால் எந்தப் பிரஜையும் குறிப்பிட்ட நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப்போடலாம். பழைய சட்டத்தைத் தொட முடியாது, புதியதை மட்டும் நிறுத்தலாம், அநியாயத்தைப் பாருங்கள். 2024ல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் வந்தது. அதை எதிர்த்து மனுப்போட்டார்கள், ஒரே பாலினத் திருமணத்துக்கு அது வழி விடும் என்ற பயமும் பேச்சில் வந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்று தீர்ப்பு வந்தது, அதோடு சட்டமூலம் படுத்துவிட்டது. அதற்கு முந்திய வருடம் பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் சட்டமூலம், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்துவதற்கு. அதையும் எதிர்த்து மனுப்போட்டார்கள், ஆனால் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆதரவாக வாதாடவும் ஆட்கள் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். பிறகு பாராளுமன்றம் கலைந்து அதுவும் போய்விட்டது, அது வேறு கதை. சட்டமூலம் வருகிற நாளில் எங்கள் பக்கமும் ஆள் தயாராக இருக்க வேண்டும்.

தெமட்டகொடை மகள்:

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹ். மாளிகாவத்தை நானா, உங்கள் மாமாவைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனை வைத்துவிட்டேன். எங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நேற்று இரவு உம்மாவிடம் பேசினேன். சண்டை பிடிக்கவில்லை. "உம்மா, உங்கள் நிகாஹ் பதிவில் நீங்கள் எங்கே ஒப்பமிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அலுமாரியில் இருந்து ஃபைலை எடுத்து வந்தார், காணி உறுதிக்கும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் நடுவில் அவருடைய விவாகப் பதிவின் பிரதி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தார். மூத்தவாப்பாவின், அதாவது அவருடைய வாப்பாவின், ஒப்பத்தில் விரல் நின்றது. பிறகு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

காலையில் பார்த்தால் மூன்றாவது கட்டத்தில் என் பெயரையும் இலக்கத்தையும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வெட்டியிருக்கிறார். தன்னுடைய ஒப்பத்தை வெட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி நான் என்ன செய்வது? தாத்தாவும் நானும் சேர்ந்து ஏதாவது எழுதலாம் என்று இருக்கிறோம். யாருக்கு, எப்படி எழுதுவது?

புதுக்கடை நானா:

நல்லது மகள். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதுங்கள், ஒரே கடிதத்தில் இரண்டு ஒப்பம் வேண்டாம், இரண்டு கடிதம் இரண்டு கோப்பில் போய் உட்காரும். நீதியமைச்சருக்கு ஒன்று, பிரதி மகளிர் விவகார அமைச்சருக்கும் கொழும்பு மாவட்ட எம்பிமாருக்கும். தமிழில் எழுதலாம், உங்கள் உரிமை, கூடவே சிங்களத்தில் ஒரு பக்கம் வைத்தால் மேசையில் இருக்கிறவர் அன்றைக்கே வாசிப்பார். மொழிபெயர்ப்பு தேவை என்றால் நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். தாத்தா எத்தனை தவணை போனார், எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள், தாபரிப்பு எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று திகதியோடு எழுதச் சொல்லுங்கள். காதியாரின் பெயர் தேவையில்லை.

அப்புறம், 2016ன் 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அமைச்சிடம் ஒரு விண்ணப்பம் போடுங்கள். 2018 அறிக்கைக்குப் பிறகு இந்தச் சட்டம் பற்றி எந்தெந்த அமைப்பு எழுத்தில் என்ன கொடுத்தது என்று கேளுங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மாளிகாவத்தைத் தம்பியும் இதில் சேர்ந்துகொள்ளலாம், அவர் ஒப்பமிட்ட தாள் எங்கே போனது, யார் பெயரில் போனது என்று அவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா.

பதிவுத் தபாலில் அனுப்புங்கள், துண்டைப் பத்திரமாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதற்கு முன்னால் அந்தத் தாளை ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், உம்மா போட்ட கோடு தெரிகிற மாதிரி.